எருவை மறுக்கும் செடி

மே மாதக் கடைசியில் அந்தச் செடிகளின் தளிர்கள் மஞ்சளாயின. நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றன. நரம்புக்கும் நரம்புக்கும் நடுவே இலை வெளுத்துக்கொண்டே போனது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், எங்கள் வீட்டுக் கொல்லையில் நான் முதன்முதலாக நட்ட இரண்டு புளூபெர்ரிச் செடிகள் அவை. குழியைத் தாராளமாக வெட்டி, மக்கிய மாட்டெரு இரண்டு மூட்டை கொட்டி, குளிர்காலத்தில் கணப்பில் எரித்த விறகின் சாம்பலையும் தூவி நட்டிருந்தேன். ஊரில் கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் அப்படித்தான் செய்வோம். தளிர் வெளுத்ததும் செடிக்குப் பசி என்று நினைத்து இன்னும் ஒரு மூட்டை எரு வைத்தேன். ஆகஸ்டில் ஒரு செடி காய்ந்துவிட்டது.

பசி என்று நினைத்தது சரிதான். எதன் பசி என்பதில்தான் தவறினேன். இலையில் பச்சையம் உருவாக இரும்பு வேண்டும். பழைய இலைக்குள் போய்ச் சேர்ந்த இரும்பு அங்கிருந்து புது இலைக்கு எளிதில் இடம் மாறாது; அதனால் பற்றாக்குறை முதலில் தளிரில்தான் தெரியும். இத்தனைக்கும் எங்கள் பக்கத்து மண் செந்நிறக் களிமண். அந்தச் சிவப்பே இரும்பின் துரு. வேரைச் சுற்றி இரும்பு கொட்டிக் கிடக்க, செடி இரும்புக்கு ஏங்கிச் செத்தது.

அந்த இலையுதிர் காலத்தில் கொல்லை மண்ணை ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மண் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். கார அமில நிலை 6.8 என்று முடிவு வந்தது. தக்காளிக்கும் கத்தரிக்கும் அருமையான மண். புளூபெர்ரி கேட்பதோ 4.5 முதல் 5.2 வரை. இரண்டு புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் இந்த அளவுகோலில் ஒரு புள்ளி இறங்கினால் அமிலம் 10 மடங்கு கூடுகிறது. 6.8-இலிருந்து 4.8-க்கு வர 100 மடங்கு. துரு நிலையிலுள்ள இரும்பின் கணக்கு இன்னும் கடுமை: கார அமில நிலை ஒரு புள்ளி ஏறினால், நீரில் கரைந்து நிற்கக்கூடிய அந்த இரும்பு ஏறக்குறைய 1000-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. வேர் குடிப்பது கரைந்ததை மட்டும்தான். விறகுச் சாம்பல் சுண்ணாம்பைப் போலவே காரம். அதைத் தூவியபோது, இருந்த கொஞ்ச இரும்பையும் நானே பூட்டி வைத்திருக்கிறேன்.

இந்தச் செடி எந்த மண்ணில் பழகியது என்று பார்க்க வேண்டுமானால், எங்கள் வீட்டிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் போக வேண்டும். களிமண் முடிந்து வெளுத்த மணல் தொடங்கும். கட்டையான பைன் மரங்கள், இடையிடையே சதுப்பு, கொதித்த தேநீரின் நிறத்தில் ஓடைகள். பைன் பாரன்ஸ் என்று பெயர். பாரன்ஸ் என்றால் தரிசு. குடியேறிய ஐரோப்பிய உழவர்கள் தங்கள் பயிர்கள் அங்கே எழும்பாததைப் பார்த்து வைத்த பெயர் அது. மணலில் சத்து தங்காது. பைன் ஊசியும் சதுப்புப் பாசியும் மக்கி மண்ணை அமிலமாக்கும். அந்த அமில நீரில் இரும்பு தாராளமாகக் கரைந்து வருகிறது. வெளியே வந்து காற்றுப் பட்டதும், நுண்ணுயிர்களின் உதவியோடு ஓடைக்கரையில் துருக்கட்டியாகப் படிகிறது. அந்தக் கட்டிகளை வெட்டியெடுத்து உருக்கத்தான் 1766-இல் பாட்ஸ்டோ என்ற இடத்தில் உலை கட்டினார்கள். அமெரிக்க விடுதலைப் போருக்கு வேண்டிய இரும்புச் சாமான்கள் அங்கிருந்து போயின. உலை மூட்டும் அளவுக்கு இரும்பு கரைந்து வரும் நீரில் கால் நனைத்து வளர்ந்த புதர் புளூபெர்ரி. இரும்பைத் தேடிப் போராட வேண்டிய தேவை அதற்கு அங்கே வந்ததில்லை. வேறு பல செடிகள் வேரிலிருந்து அமிலம் கசியவிட்டுப் பூட்டிய இரும்பைக் கரைத்துக்கொள்ளும். இதற்கு அந்தத் திறமை குறைவு.

நூறாண்டுக்கு முன்புவரை புளூபெர்ரி காட்டில் பறிக்கும் பழமாகவே இருந்தது. தோட்டத்தில் அது வளராது என்பது பொது நம்பிக்கை. பிடுங்கி வந்து நல்ல மண்ணில் நட்டவர்கள் எல்லாரும் தோற்றிருந்தார்கள். அமெரிக்க வேளாண்துறையின் தாவரவியலாளர் ஃபிரெடெரிக் கோவில் 1906 வாக்கில் அந்தத் தோல்வியையே ஆராயத் தொடங்கினார். தொட்டிகளில் வளமான தோட்ட மண்ணையும் காட்டில் இலைதழை மக்கிச் சேர்ந்த பீட் மண்ணையும் நிரப்பி, இரண்டிலும் கன்று வைத்துப் பார்த்தார். வளமான மண்ணில் கன்று குன்றியது. சுண்ணாம்பு சேர்த்ததில் இன்னும் மோசம். யாரும் சீந்தாத புளித்த பீட் மண்ணில் செழித்தது. 1910-இல் அவர் இதை அரசு வெளியீடாகக் கொண்டுவந்தார். நான் மூன்று மூட்டை எருவைக் கொட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, செய்யக் கூடாதது என்று அச்சில் வந்துவிட்ட காரியம் அது.

பைன் பாரன்ஸின் நடுவே, வைட்ஸ்பாக் என்ற ஊரில், கிரான்பெர்ரிப் பண்ணை வைத்திருந்த ஒருவரின் மகள் எலிசபெத் வைட் 1911-இல் அந்த வெளியீட்டைப் படித்தார். கிரான்பெர்ரியும் இதே குடும்பம், இதே மண். எங்கள் நிலத்தில் சோதனையைத் தொடருங்கள் என்று கோவிலுக்கு எழுதினார். மண்ணின் குணம் கோவிலுக்குத் தெரியும். ஆனால் காட்டில் ஆயிரக்கணக்கான புதர்கள், ஒவ்வொன்றின் பழமும் ஒரு மாதிரி. எந்தப் புதரில் பெரிய பழம் காய்க்கிறது என்பது பழம் பறிக்கும் காட்டுவாசிகளுக்கு மட்டுமே தெரிந்த செய்தி. வைட் அவர்களிடம் ஒரு தகட்டைக் கொடுத்தார். அதில் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு துளை. அந்தத் துளையில் நுழையாத பழம் காய்க்கும் புதரைக் காட்டினால் பணம்; புதருக்குக் காட்டியவர் பெயரையே வைப்பதாகவும் வாக்கு. ரூப் லீக் என்பவர் காட்டிய புதர்தான் 'ரூபெல்'. ரூப் என்றால் ஆங்கிலப் பேச்சில் பட்டிக்காட்டான் என்ற ஏளனம் தொனிக்கும். லீக் என்றால் வெங்காயக் குடும்பத்துக் கீரை. அதனால் ரூப்போடு லீக்கின் முதல் எழுத்தை மட்டும் ஒட்டிக்கொண்டார்கள். நூறாண்டு கடந்தும் நாற்றுப் பண்ணைகளில் ரூபெல் கிடைக்கிறது. போத்து வெட்டி வேர்விடச் செய்வதால், இன்று நாம் நடும் ரூபெல் ஒவ்வொன்றும் அந்த ஒரே காட்டுப் புதரின் தொடர்ச்சி.

1916-இல் வைட்ஸ்பாக்கிலிருந்து முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. கோவிலின் பெயரைத் தாவரவியல் புத்தகங்கள் முன்னால் வைக்கின்றன. எனக்கோ, காட்டைக் கால்நடையாக அறிந்தவர்களின் அறிவு இல்லாமல் இந்தப் பழம் தோட்டத்துக்கு வந்திருக்காது என்றே படுகிறது. அந்த அறிவைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர் வைட்.

எரு ஏன் ஆகாது? மண்ணில் தழைச்சத்து இரண்டு வடிவத்தில் வேருக்குக் கிடைக்கிறது: அம்மோனியம், நைட்ரேட். சாதாரண தோட்ட மண்ணில் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை விரைவாக நைட்ரேட்டாக மாற்றிவிடும். நெல்லைத் தவிர்த்து நாம் வளர்க்கும் பெரும்பாலான பயிர்கள் அதைத் தின்று பழகியவை. கடும் அமில மண்ணில் அந்த நுண்ணுயிர்கள் மந்தம். தழைச்சத்து அம்மோனியமாகவே நின்றுவிடுகிறது. புளூபெர்ரி அதையே உண்டு வாழ்ந்தது. நைட்ரேட்டைச் செரிக்க வேண்டிய நொதி அதன் இலையில் மிகக் குறைவு. மாட்டெருவில் வேறு சிக்கல்களும் உண்டு. அதில் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் இருக்கின்றன. இந்தச் செடியின் வேர் இரண்டையும் தாங்காது.

அந்த வேரைக் கையில் எடுத்துப் பார்த்தால் நம்ப முடியாது. செத்த செடியைப் பிடுங்கியபோது, பழைய தேங்காய் நார்க்கட்டிபோல ஒரு மெல்லிய பாய் அப்படியே பெயர்ந்து வந்தது. கீழே இறங்கும் ஆணிவேர் இல்லை. எல்லாம் மேல்மண்ணில் ஓரடிக்குள். நுனி வேர்கள் தலைமுடிக் கனம்தான். மற்றச் செடிகளுக்கு நுனியில் இருக்கும் வேர்த்தூவிகள் இதற்கு அறவே கிடையாது. அந்த இடத்தில் ஒரு பூஞ்சை வேலை செய்கிறது. வேரின் மேல்தோல் உயிரணுக்களுக்குள் சுருள் சுருளாகக் குடியிருந்து, வெளியே இழைகளை நீட்டி, மக்காத இலை தழையைச் சிதைத்து அதிலுள்ள தழைச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. கூலியாகச் சர்க்கரை வாங்கிக்கொள்கிறது. உணவு அரிதாக இருக்கும் இடத்தில் இரண்டு உயிர்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் இது. மண்ணில் உரம் மிகுந்துவிட்டால் இந்த உறவு தளர்கிறது. வேர் மேலாகவே இருப்பதால் நான்கு நாள் வெயில் போதும், செடி வாடும். நீர் தேங்கினால் அதைவிட வேகமாக அழுகும்.

இந்தக் குடும்பத்துக்கு நம் மலைகளிலும் உறவு உண்டு. நீலகிரிச் சோலைகளின் ஓரத்தில் சிவந்த பூப்பூக்கும் ரோடோடென்ட்ரான் மரம் புளூபெர்ரியின் குடும்பமே. புளூபெர்ரியின் பேரினமான வாக்சீனியத்திலேயே ஓர் இனம், வாக்சீனியம் லெஷனால்டியை, நீலகிரியிலும் இலங்கையின் உயர்மலைகளிலும் சிறு மரமாக வளர்கிறது. அதன் சிறு பழங்களும் தின்னத் தகுந்தவை. பூவைப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று சொல்லிவிடலாம், கவிழ்த்த சின்னக் குடங்கள். மண்ணும் அதே மண்தான். தேயிலை விரும்பும் அமில மண்.

ஆனால் மண் மட்டும் சரியாக இருந்தால் போதாது. கோவில் செய்த சோதனைகளில் என் மனத்தை விட்டு அகலாதது ஒன்று. குளிர்காலத்தில் ஒரு புளூபெர்ரிச் செடியைச் சூடான கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்தார். கண்ணாடியில் ஓட்டை போட்டு ஒரே ஒரு கிளையை வெளியே நீட்டிவிட்டார். வசந்தம் வந்ததும், பனியில் நின்ற அந்தக் கிளை தளிர்த்தது. உள்ளே கதகதப்பாக இருந்த கிளைகள் மொட்டையாகவே உறங்கின. ஒரே வேர், ஒரே தண்டு. குளிரைக் கணக்கெடுப்பது ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாக என்பது இதிலிருந்து தெரிந்தது. நடுக் குளிர்காலத்தில் நான்கு நாள் வெயிலடித்தால் ஏமாந்து பூத்துவிடாமலிருக்கச் செடிக்கு இந்தக் கணக்கு காவல். பூஜ்யத்துக்கும் 7 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட குளிரில் 800 முதல் 1000 மணி நேரம் கழிந்தால்தான் வடக்கத்தி வகைகள் ஒழுங்காக விழிக்கும். ஃபுளோரிடாவில் ரால்ஃப் ஷார்ப் என்ற ஆய்வாளர் அந்த ஊரின் பசுமை மாறாக் காட்டு இனத்தோடு இவற்றைக் கலந்து, குறைந்த குளிர் போதும் என்ற தெற்கத்தி வகைகளை உருவாக்கினார். 1976-இல் வந்த 'ஷார்ப்புளூ' அவற்றில் முதல் வரிசை. உறக்கமே இல்லாமல் வளர்க்கும் முறை அந்த வழியில் பிறந்தது. இன்று பெரு நாட்டின் கடலோரப் பாலைவனத்திலிருந்து டப்பா டப்பாவாகப் பழம் ஏற்றுமதியாவதும் அதனால்தான். சமவெளித் தமிழ்நாட்டில் ஒருவர் முயல விரும்பினால் 'பிலாக்ஸி' போன்ற குளிர் கேட்காத வகையைத் தொட்டியில்தான் வைக்க வேண்டும். அங்கே குளிரைவிடப் பெரிய தடை, சுண்ணாம்பு கலந்த ஆழ்குழாய்த் தண்ணீர்.

இரண்டாம் முறை நான் உடனே செடியை வாங்கவில்லை. முதலில் மண்ணைச் செய்தேன். களிமண்ணோடு மல்லுக்கு நிற்காமல், தரைமேல் முழங்கால் உயரத்துக்கு மரச்சட்டம் அடித்து, பொடித்த பைன் பட்டையும் பீட் மாஸும் நிரப்பினேன். பீட் மாஸைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துத்தான் போட வேண்டும். உலர்ந்தபடி போட்டால் பிறகு நீரே ஏறாது. அது சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த பொருள் என்பதால் பாதிக்கு மேல் சேர்க்க மனம் வரவில்லை. கந்தகப்பொடி தூவிவிட்டு ஓராண்டு காத்திருந்தேன். கந்தகம் தானாக அமிலமாகாது. மண்ணிலுள்ள ஒருவகை பாக்டீரியா அதைத் தின்று கந்தக அமிலமாக்க வேண்டும். குளிர்காலத்தில் அதுவும் வேலை செய்யாது. காத்திருக்க மனமில்லாதவர்கள் வினிகர் ஊற்றுகிறார்கள். சில நாளில் அதன் பலன் போய்விடும். காப்பித்தூள் சக்கையும் பைன் ஊசியும் மண்ணை அமிலமாக்கும் என்று அக்கம்பக்கத்தில் எல்லாரும் உறுதியாகச் சொன்னார்கள். காய்ச்சி இறக்கிய சக்கையில் அமிலம் ஏறக்குறைய தீர்ந்திருக்கும். பைன் ஊசி நல்ல மூடாக்கு, அவ்வளவுதான். சில ஆண்டுகளில் மண்ணின் கார அமில நிலையை மாற்றும் வலு அதற்கு இல்லை. மேல்வேருக்கு மூடாக்கு உயிர்நாடி என்பதால் நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பினேன்.

மறுபரிசோதனையில் 4.9 வந்த பிறகு 'புளூகிராப்' ஒன்றும் ரூபெல் ஒன்றும் நட்டேன். தன் மகரந்தமே இவற்றுக்குப் போதும் என்றாலும், வேறு வகையின் மகரந்தம் பட்டால் பழம் பெருக்கும். உரம், வசந்தத்தில் ஒரு கைப்பிடிக்கும் குறைவாக அம்மோனியம் சல்பேட். தண்ணீர், கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்த மழைநீர். மழைநீர் இயல்பிலேயே கொஞ்சம் அமிலம். குழாய் நீரின் சுண்ணாம்பு மாதக்கணக்கில் சேர்ந்து எல்லா உழைப்பையும் கரைத்துவிடும். முதல் இரண்டு ஆண்டு வந்த பூக்களை எல்லாம் கிள்ளிப்போட்டேன். மனம் வலித்தது. ஆனால் பலம் வேருக்குப் போக வேறு வழியில்லை.

மூன்றாம் ஆண்டு பூக்களை விட்டுவைத்தேன். ஏப்ரல் கடைசியில் வெள்ளைக் குடங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. உள்ளே மகரந்தப் பை வெடித்துத் திறப்பதில்லை; நுனியில் துளையுள்ள இரண்டு குழாய்கள்தான், மூடியில் ஓட்டை போட்ட உப்புக் குப்பிபோல. குலுக்கினால்தான் கொட்டும். பம்பிள்பீ என்ற மயிரடர்ந்த பெருந்தேனீ பூவைக் கால்களால் கட்டிப்பிடித்து, இறகை விரிக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடக் கூர்மையான ஓர் ஓசை கேட்கும். மகரந்தம் அதன் வயிற்றில் பொழியும். தேன் எடுக்க நாம் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. நம் கத்தரிப் பூவுக்கும் தக்காளிப் பூவுக்கும் இதே அமைப்புத்தான். ஊரில் கத்தரிச் செடியருகே கேட்கும் நீலப்பட்டைத் தேனீயின் சத்தமும் இதே வேலைதான். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து அடிக்கும் அண்டை வீட்டாரிடம் போய்ப் பேசி நிறுத்தியதை, நான் இந்தச் செடிகளுக்குச் செய்த நல்லதில் முக்கியமானதாக நினைக்கிறேன்.

பழம் சென்ற ஆண்டுக் கிளையில்தான் காய்க்கும். ஆறு ஆண்டு கடந்த தடித்த தண்டுகளைக் குளிர்காலக் கடைசியில் அடியோடு கவாத்து செய்யவேண்டும். முழு வளர்ச்சி அடைந்த ஒரு புதர் மூன்று நான்கு கிலோ கொடுக்கும். வலை கட்டாவிட்டால் அதில் பெரும்பங்கு பறவைகளுக்கு.

ஜூலையில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தாள். முதல் கிண்ணத்துப் பழத்தைப் பன்னீர் திராட்சையைத் தேய்ப்பதுபோலத் துணியில் அழுத்தித் துடைத்தாள். நீலம் போய்விட்டது. கருஞ்சிவப்பாக ஒரு பழம் அவள் கையில் இருந்தது. "சாயம் போகுதேப்பா" என்றாள். சாயம் போகவில்லை. புளூபெர்ரிக்குள் நீலச் சாயம் கிடையவே கிடையாது. நசுக்கினால் வருவது சிவந்த சாறு. தோல்மேல் படிந்த, மில்லிமீட்டரில் 500-இல் ஒரு பங்கு கனமுள்ள மெழுகின் நுண்துணுக்குகள் ஒளியில் நீலத்தையும் புற ஊதாவையும் மட்டும் சிதறடிக்கின்றன. அந்த நீலத்தைத்தான் நாம் பார்க்கிறோம். புற ஊதாவைப் பறவைகள் பார்க்கின்றன. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ராக்ஸ் மிடில்டனும் உடன் ஆய்வாளர்களும் 2024-இல் இதை வெளியிட்டார்கள். மெழுகைக் கரைத்தெடுத்து ஓர் அட்டைமேல் மீண்டும் படியவைத்து, அட்டையையே நீலமாக்கிக் காட்டினார்கள்.

மறுநாள் அம்மா துணி எடுக்காமல் செடியருகே போனாள். நீலமாகிவிட்டதாலேயே பழுத்துவிட்டது என்று எண்ணக் கூடாது, பறித்தபின் இனிப்பு ஏறாது, லேசாகத் தொட்டதும் உள்ளங்கையில் உதிர்வதை மட்டும் எடு என்று சொல்லியிருந்தேன். காம்படியில் இன்னும் சிவப்பு வளையம் இருந்த கொத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாலு நாள் கழிச்சு வரேன்" என்று அதனிடமே சொல்லிவிட்டு அடுத்த கிளைக்கு நகர்ந்தாள்.